சனிக்கிழமைத் தையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில், தோ பாயோவில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் எங்கள் தையற்கூடம் இருக்கிறது. வாரத்துக்கு ஒருவராவது புதிதாக வந்து எட்டிப் பார்க்கிறார்கள். கோயிலில் பார்த்துக் கேட்பவர்கள், எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவர்கள், வாட்ஸ்அப்பில் நள்ளிரவில் கேட்பவர்கள் என்று பலர். ஆனால் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்ப மனசு வருவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நிதானமாகப் பதில் தந்திருக்கிறேன்.

அங்கே நடப்பது தையல் வகுப்பா, தொண்டூழியமா?

இரண்டும். சனிக்கிழமை காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை பயிலரங்கு. கட்டணம் 12 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), துணி நூல் எல்லாம் அதில் அடக்கம். நாடா கோத்த பை, ஜிப் வைத்த சின்ன பர்ஸ், தலையணை உறை என்று ஏதாவது ஒன்றைத் தொடங்கி அன்றைக்கே முடித்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பிற்பகல் 2 முதல் 5 வரை தொண்டூழியத் தையல். அதற்குக் கட்டணமும் இல்லை, சம்பளமும் இல்லை. அப்போது தைப்பதெல்லாம் எங்களிடம் கேட்டிருக்கும் முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனை வார்டுகளுக்கும் போகிறது.

திங்கள் காலையில் கைத்தையல் மட்டும். மெஷின் சத்தம் இருக்காது. மாதத்தின் முதல் ஞாயிறும் பிற்பகலில் திறந்திருக்கும். அது ஏன் என்று கீழே வேறொரு கேள்வியில் வருகிறது.

எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது அக்கா. நான் வந்து என்ன செய்யப் போகிறேன்?

நிறைய. ஒரு நாடாப் பை முடிவதற்குள் ஏழு பேர் கை பட்டுவிடும். அதில் மெஷினில் உட்காருபவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் அளந்து வெட்டுகிறார்கள், இஸ்திரி போடுகிறார்கள், பையைப் புரட்டுகிறார்கள், நாடா கோக்கிறார்கள், நூல் முனைகளை நறுக்குகிறார்கள், எண்ணி அடுக்குகிறார்கள். இஸ்திரியைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு தையலைத் தேய்த்துப் படியவைத்த பிறகுதான் அதன் குறுக்கே அடுத்த தையல் போக வேண்டும். அந்த ஒரு பழக்கம் இருந்தாலே கடையில் வாங்கிய பொருள் மாதிரி நேர்த்தி வந்துவிடும்.

மெஷின் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் முதல் நாள் நூலே கிடையாது. கோடு போட்ட நோட்டுத் தாளை, மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்துக்கு அடியில் வைத்து, வெறும் ஊசியால் கோட்டின் மேலேயே ஓட்டச் சொல்வோம். முதலில் நேர்கோடு, அப்புறம் மூலை திரும்புவது, அப்புறம் வளைவு. தாளில் விழுந்த துளைகளைப் பார்த்தாலே கை எங்கே விலகியது என்று தெரிந்துவிடும். தாளுக்குப் போட்ட ஊசி மழுங்கிவிடும் என்பதால் அதைத் தனியாக வைத்திருக்கிறோம்.

என்னென்ன கொண்டுவர வேண்டும்?

படிக்கக் கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடி, ஒரு தண்ணீர் போத்தல், விரலை மூடிய காலணி. கீழே விழுந்த குண்டூசி எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது. துப்பட்டா போட்டிருந்தால் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள், நீளக் கூந்தலைக் கட்டிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இங்கே இருக்கிறது.

ஆண்கள் வரலாமா? என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்று வீட்டில்தான் இருக்கிறார்.

தாராளமாக அழைத்து வாருங்கள். கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இங்கே இருக்கிறார். தையல் தெரியாது என்று சொல்லிக்கொண்டு வந்தவர். எங்கள் ஆறு மெஷின்களுக்கும் எண்ணெய் போட்டு, பெல்ட் மாற்றி, எந்த மெஷினுக்கு எப்போது என்ன செய்தார் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். ஆறு மாதம் கழித்து அவராகவே மெஷினில் உட்கார்ந்தார். அளவு விஷயத்தில் இப்போது அவர் சொல்வதுதான் இங்கே கடைசி வார்த்தை.

எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் பேசுவது புரியுமா?

தமிழ் பேசுபவர்கள் எப்போதும் மூன்று நான்கு பேராவது இருப்போம். மலாய் மக்சிக்குகளும் (மூத்த மலாய்ப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) சீன ஆன்ட்டிகளும் இருக்கிறார்கள். தையலில் பாதி கையால் காட்டுவதுதான், அதனால் யாரும் திண்டாடியதில்லை. ‘ஜாரும்’ என்றால் ஊசி, ‘பெனாங்’ என்றால் நூல், ‘காயின்’ என்றால் துணி. இந்த மூன்று மலாய்ச் சொல்லும் முதல் நாளிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அவர்களும் ‘நூல்’, ‘துணி’, ‘போதும்’ என்று கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

பிள்ளைகளை அழைத்து வரலாமா? மகளுக்குப் பள்ளியில் சேவை நேரம் வேறு காட்ட வேண்டுமாம்.

7 வயதிலிருந்து கைத்தையலுக்கு வரலாம். மெஷினுக்கு 10 வயது ஆகியிருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்.

சேவை நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவோம், ஆனால் வந்து வேலை செய்த நேரத்துக்கு மட்டும். இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு நான்கு என்று எழுதச் சொல்லிக் கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அதற்கு நான் சம்மதிப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முழு நேரமும் தைத்த பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுற்றிக்கொள்கிறது. என் மெஷின் பழுதா?

இந்தக் கேள்வி வராத சனிக்கிழமையே இல்லை. பெரும்பாலும் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். கொத்து அடியில் விழுவதால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றிப் பார்க்கிறார்கள், ஆனால் தவறு மேல்நூலில் இருக்கிறது. மேல்நூல் இரண்டு சின்னத் தகடுகளுக்கு நடுவில் அழுந்திப் போக வேண்டும். டென்ஷன் என்று சொல்வது அந்த அழுத்தத்தைத்தான். மெஷின் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் தகடுகள் மூடிக்கிடக்கும். நூல் நடுவில் இறங்காமல் மேலோடு போய்விடும். பிறகு அதைப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. கீழே உள்ள கொக்கி இழுக்க இழுக்க நூல் தாராளமாக இறங்கி, துணிக்கு அடியில் சுருண்டு சேர்ந்துவிடும்.

சரி, என்ன செய்வது? பாதத்தைத் தூக்குங்கள். மேல்நூலை முழுவதுமாக உருவிவிட்டு மறுபடி கோத்து வாருங்கள். மெஷினின் முன்பக்கம் மேலும் கீழும் ஆடும் நெம்புகோலின் கண்ணில் நூல் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஊசியில் கோத்தபின் பாதத்தை இறக்கி நூலை லேசாக இழுங்கள். விரலுக்கு ஒரு பிடிமானம் தெரிய வேண்டும். வெண்ணெயில் கத்தி போவது மாதிரி வந்தால் இன்னும் தகட்டுக்குள் போகவில்லை என்று அர்த்தம்.

தைக்கத் தொடங்கும்போது மேல்நூல், பாபின் நூல் இரண்டின் நுனியையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு முதல் மூன்று தையலைப் போடுங்கள். இதையெல்லாம் செய்தும் கொத்து விழுந்தால் மட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

எல்லாத் துணிக்கும் ஒரே ஊசி போதாதா?

போதாது. ஊசி உறையில் 80/12, 90/14 என்று இரண்டு எண் இருக்கும். முதல் எண் ஊசித் தண்டின் தடிமன், 90 என்றால் 0.9 மில்லிமீட்டர். வாயில் (voile) என்ற மெல்லிய துணிக்கும் சேலைத் துணிக்கும் 70/10. சாதாரணப் பருத்திக்கு 80/12. கான்வாஸ், பல மடிப்பு வரும் இடங்களுக்கு 90/14, ஜீன்ஸுக்கு 100/16. டீஷர்ட் மாதிரி இழுபடும் துணிக்கு முனை உருண்ட ஊசி தனியாக உண்டு. கூர் ஊசி போட்டால் பின்னல் இழை அறுந்து ஓட்டை விழும், அல்லது நடுநடுவே தையல் விட்டுப்போகும்.

சுமார் 8 மணி நேரம் தைத்தபின் ஊசியை மாற்றிவிடுங்கள். துணியில் இறங்கும்போது டொக் டொக் என்று சத்தம் வந்தால் அதற்கு முன்னாலேயே மாற்றிவிட வேண்டியதுதான்.

ஊரிலிருந்து கொண்டுவந்த மெஷின் இங்கே ஓடுமா? எண்ணெய்க்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா?

ஓடும். இந்தியாவிலும் இங்கேயும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் வேறு, இங்கே சதுரக்கால் மூன்று உள்ளது. பாதுகாப்பு முத்திரை போட்ட அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து யாராவது கொடுத்த 110 வோல்ட் மெஷினை மட்டும் அப்படியே செருகிவிடாதீர்கள், மோட்டார் கருகிவிடும்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். போட்ட அன்றைக்கு வழவழவென்று ஓடும், நாளடைவில் பிசினாகிப் பஞ்சுத் தூசியோடு சேர்ந்து இறுகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் என்றே கேட்டு வாங்குங்கள். ஒரு துளி போதும். போட்டபின் கழிவுத் துணியில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். சில புது மெஷின்களுக்கு வீட்டில் எண்ணெயே போடக்கூடாது, அதனால் கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். சிங்கப்பூர் ஈரக்காற்றில் ஊசியும் பாபின் பெட்டியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். மருந்துப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் ஊசி டப்பாவில் போட்டு வையுங்கள்.

பழைய சேலைகள் அலமாரி நிறைய இருக்கின்றன. வாங்கிக்கொள்வீர்களா?

பருத்திச் சேலை என்றால் ஆசையாக வாங்கிக்கொள்வோம். துவைத்து, காயவைத்து, மடித்துக் கொண்டுவாருங்கள். ஐந்தரை மீட்டர் சேலையில், அகலம் 110 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், எங்கள் நாடாப் பைக்கான 33க்கு 40 சென்டிமீட்டர் துண்டு 39 வரும். பைக்கு இரண்டு துண்டு, ஆக 19 பை. ஆனால் கட்டிக் கட்டித் தேய்ந்த கொசுவப் பகுதியை ஒதுக்க வேண்டும், மெல்லிய துணி என்பதால் உள்ளுக்கும் ஒரு மடிப்பு கொடுக்க வேண்டும். கடைசியில் ஒரு சேலைக்கு ஏழு எட்டுப் பைதான் தேறும். அதுவே பெரிய விஷயம். கழுவிக் கழுவிப் பதமான சுங்கடிச் சேலைக்கு உள்ள மென்மை எந்தப் புதுத் துணிக்கும் வராது, வயதானவர்களின் தோலுக்கு அது உறுத்தாது.

பட்டு வேண்டாம். பல வருஷம் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்த மடிப்பிலேயே விண்டுபோகும், மெஷின் வெந்நீரும் தாங்காது. ஜரிகை குத்தும். பருத்தியா பாலியஸ்டரா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் நாலு இழை எடுத்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிமேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகிவிடும்.

அம்மாவுடைய சேலை, பாட்டியுடைய சேலை என்று கொண்டுவருபவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. முந்தானையிலிருந்து ஒரு முழத்தை வெட்டி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். முழுதாகக் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் வந்து ‘அந்தச் சேலை இன்னும் இருக்கிறதா’ என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் அது பையாகிப் போய்விட்டிருந்தது.

புதுத் துணி எங்கே வாங்குவது? வாங்கியதும் துவைக்கணுமா?

அரப் ஸ்திரீட், சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க், தேக்கா. மூன்று இடத்திலும் தொட்டுப் பார்த்து, கேட்டு வாங்கலாம். வாங்கியதும் துவைத்தே ஆக வேண்டும். சாதாரணப் பருத்தி முதல் துவைப்பில் மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் சுருங்கும். துவைக்காமல் தைத்தால், பையின் வெளித்துணி சுருங்கி உள்துணி சுருங்காமல் போய் எல்லாம் கோணிக்கொள்ளும். கறுப்பு, சிவப்புத் துணிகளைத் தனியாகச் சாயம் போகிறதா என்று பாருங்கள்.

என் பிளவுஸைப் பிரித்துக் கொஞ்சம் தளர்த்தித் தருவீர்களா? சேலைக்கு ஃபால்ஸ்?

தைத்துத் தர மாட்டோம். தேக்கா சென்டரின் மேல்மாடியில் தையல்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது பிழைப்பு. நீங்களே செய்யக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் காலைப் பயிலரங்குக்கு எடுத்து வாருங்கள், சொல்லித்தருகிறோம். கிழிந்தது, ஜிப் போனது மாதிரிப் பழுது பார்க்கக் கற்க ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ என்ற முயற்சியும் சிங்கப்பூரில் இருக்கிறது. அங்கேயும் தொண்டூழியர்கள்தான்.

நான் பத்துப் பை தைத்துக் கொடுத்தேன், நான்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களே. சும்மாதானே கொடுக்கிறோம்?

இதைக் கேட்டவருக்கு அன்று முகம் வாடிப்போனது, எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் திருப்பியது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். அவை முதியவர்களின் நடைச்சட்டத்தில் மாட்டும் பைகள். மூக்குக் கண்ணாடி, கைத்தொலைபேசி, மருந்து டப்பா எல்லாம் அதில்தான் இருக்கும். பட்டையை ஒரே வரியில் தைத்திருந்தால் சில வாரத்தில் பிய்ந்துவிடும். கண்ணாடி கீழே விழும். தாத்தா குனிந்து எடுக்கப் பார்ப்பார். அந்த வயதில் குனிந்து விழுந்தால் இடுப்பு எலும்பு முறிகிறது.

அதனால் பட்டை சேரும் இடத்தில் சதுரம் போட்டு, அதற்குள் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்குத் தையல் இரண்டு. தொடக்கத்திலும் முடிவிலும் பின்தையல். தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர். முடிந்ததும் பட்டையைப் பிடித்து ஒரு வெடுக்கு வெடுக்கிப் பார்ப்போம். தாங்காவிட்டால் பிரிப்போம். காசு கொடுத்து வாங்குபவர் பிடிக்காததை வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார், கடைக்குத் திருப்பிக் கொண்டுவருவார். கொடுத்ததை வாங்கிக்கொள்பவருக்கு அந்த வழி கிடையாது. இலவசமாகக் கொடுப்பதற்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

பிரிப்பதை யாரும் அவமானமாக நினைக்க வேண்டாம். பின்பக்கம் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போய், முன்பக்க நூலை இழுத்தால் ஒரே இழையாக வந்துவிடும். அந்த நான்கு பைகளையும் அவரே உட்கார்ந்து பிரித்துத் தைத்தார். இப்போது வெடுக்கிப் பார்க்கும் வேலை அவருடையது.

ஒரு ஊசி உடைந்ததற்கு ஏன் எல்லோரையும் நிறுத்திவைக்கிறீர்கள்?

உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை அந்த மேசையில் வேலை நிற்கும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் இதுதான் நடைமுறை, நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம். துண்டுகளை ஒரு தாளில் ஒட்டி, சேர்த்துப் பார்த்தால் முழு ஊசி வர வேண்டும். வராவிட்டால் தைத்துக்கொண்டிருந்த பொருள் வெளியே போகாது.

ஒரு சனிக்கிழமை, குறைப்பிரசவக் குழந்தைகளுக்கான தொப்பி தைக்கும்போது ஊசி உடைந்தது. தண்டு மெஷினிலேயே இருந்தது, நடுத்துண்டு மேசையில் கிடைத்தது, முனை மட்டும் இல்லை. தரையைக் காந்தத்தால் தடவினோம், மெஷினின் அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். நாற்பது நிமிஷம். கடைசியில் எங்கள் மலாய் மக்சிக் ஒருவர் அந்தத் தொப்பியின் விளிம்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அங்குலம் அங்குலமாக உருட்டிக்கொண்டே போனார். மடிப்புக்குள் இருந்தது, அரிசி நொய் அளவு. அன்றிலிருந்து யாரும் ஏன் என்று கேட்டதில்லை, புதிதாக வருபவர்களைத் தவிர.

குழந்தைத் தொப்பி, குட்டிப் போர்வை எல்லாம் வீட்டில் தைத்து நேராக மருத்துவமனையில் கொடுத்துவிடலாமா?

முதலில் கேளுங்கள், பிறகு தையுங்கள். ஒவ்வொரு வார்டுக்கும் ஒவ்வொரு தேவை. அளவு, துணி, எத்தனை சூட்டில் துவைக்கலாம் என்று அவர்கள் சொல்வார்கள். 2020இல் முகக்கவசம் கட்டாயமானபோது ஊரெல்லாம் துணிக் கவசம் தைத்தோம். நல்ல மனதோடுதான் தைத்தோம். ஆனால் அளவு கேட்காமல் தைத்ததில் பிள்ளைகளுக்குப் பெரிதாகவும் பெரியவர்களுக்குச் சிறிதாகவும் ஒரு பெட்டி நிறைய எங்கள் கையிலேயே தங்கிவிட்டது. அதில் வந்த பாடம் இது.

குழந்தைப் பொருளில் பட்டன், மணி, ரிப்பன், நாடா எதுவும் வேண்டாம். பிய்ந்தால் வாய்க்குள் போகும், கழுத்தில் சுற்றும். தூங்கும் குழந்தையின் தொட்டிலில் தளர்வான போர்வையோ தலையணையோ வைக்கக்கூடாது என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதனால் போர்வை அழகாக இருந்தாலும் கேட்டுக்கொண்டால் ஒழிய நாங்கள் தைப்பதில்லை.

நான் தைத்ததில் என் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா?

தொண்டூழியப் பொருளில் வேண்டாம். வாங்கிக்கொள்பவருக்கு அது அவருடைய பொருளாக இருக்கட்டும். பயிலரங்கில் உங்களுக்காகச் செய்வதில் தாராளமாகப் போடுங்கள்.

பெயரைத் தைப்பதற்கு இந்த ஊரில் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1942இல் ஜப்பானியர்கள் சாங்கி சிறையில் அடைத்துவைத்த பெண்கள் ஒட்டுப்போர்வைகள் தைத்தார்கள். எத்தல் மல்வானி என்ற கனடியப் பெண்மணி தொடங்கிவைத்த வேலை அது. ஒவ்வொருவருக்கும் வெள்ளைத் துணியில் ஒரு சதுரம். அதில் பூவோ, வீடோ, சிறைச்சுவரோ தைத்துப் பெரும்பாலோர் தங்கள் பெயரையும் தைத்தார்கள். ஒரு போர்வைக்கு 66 சதுரம், மூன்று போர்வை. காயம்பட்டவர்களுக்கு என்று சொல்லித்தான் வெளியே அனுப்பினார்கள். ஆனால் அந்தப் பெயர்களைப் பார்த்து, வேறு முகாமில் இருந்த கணவன்மார் தங்கள் மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதும் நோக்கம். இரண்டு போர்வைகள் இப்போது ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன, ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம். கைத்தையல் மட்டும்தான் தெரியும், அதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் தையல் ஆசை. அவரை அனுப்பலாமா?

அனுப்புங்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை திறந்துவைப்பதே அவர்களுக்காகத்தான். 2023 ஜனவரி 1 முதல், பணிப்பெண்களுக்கு மாதந்தோறும் குறைந்தது ஒரு ஓய்வு நாளைப் பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது, கட்டாயம் ஓய்வு விட வேண்டும். அந்த நாளை எப்படிக் கழிப்பது என்பது அவர் விருப்பம். அதனால் நீங்கள் கொண்டுவந்து விட்டுப்போவதைவிட, அவரே கேட்டு அவரே வருவதுதான் நல்லது. வருபவர்கள் பெரும்பாலும் தங்களுக்கோ ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கோ ஏதாவது தைத்துக்கொள்கிறார்கள்.

கற்றுக்கொண்டபின் வீட்டிலேயே தைத்து விற்கலாமா?

வீவக வீட்டில் குடியிருப்பவர்கள் சின்ன அளவில் தையல் வேலை செய்ய அனுமதி உண்டு, தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை. வெளியாட்களை வேலைக்கு வைக்கக்கூடாது, அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு இருக்கக்கூடாது. மெஷினுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போடுங்கள், கீழ்வீட்டுக்கு அந்த அதிர்வு நன்றாகக் கேட்கும்.

வேலை அனுமதியில் இருப்பவர்கள் தங்கள் முதலாளியிடம் மட்டும்தான் வேலை செய்யலாம், அதனால் விற்க முடியாது. கணவர் வேலைக்காக இங்கே வந்து டிபெண்டன்ட் பாஸில் இருக்கும் தங்கைகளும் இதைக் கேட்கிறார்கள். 2021 மே 1 முதல் அவர்கள் வேலைக்குப் போகத் தனி வேலை அனுமதி பெற வேண்டும். சொந்தத் தொழிலுக்கு வேறு விதிகள் இருக்கின்றன. ஒரு பர்ஸ் விற்கும் முன்னால் மனிதவள அமைச்சிடம் கேட்டுவிடுங்கள். ‘எல்லோரும் செய்கிறார்களே’ என்பது அனுமதி ஆகாது. இன்னொன்று, கடையில் வாங்கிய தையல் மாதிரித் தாளில் (வெட்டும் வடிவம் வரைந்த தாள்) ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்டிருந்தால் அதை மதியுங்கள். எங்கள் கூடத்தில் வரைந்த மாதிரிகளை யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு மறதி நோய். அந்தக் காலத்தில் நன்றாகத் தைப்பார். அழைத்து வரலாமா?

அழைத்து வாருங்கள், ஆனால் சனிக்கிழமை வேண்டாம். ஆறு மெஷினும் ஓடும் சத்தம் அவர்களைக் கலவரப்படுத்தும். முதலில் சொன்ன திங்கள் காலைதான் நல்லது. நீங்களோ வீட்டில் ஒருவரோ கூடவே இருக்க வேண்டும். கத்தரிக்கோலும் குண்டூசியும் எண்ணித்தான் கொடுப்போம், எண்ணித்தான் வாங்குவோம். மேலே ஊசிக்குச் சொன்ன அதே கண்டிப்பு இங்கேயும்.

அம்மா ஒருவர் வருகிறார். மகளின் பெயர் சில நாள் அவருக்கு வருவதில்லை. கையில் துணியைக் கொடுத்தால் விளிம்பை நகத்தால் கீறி மடித்து, மறுபடி மடித்து, ஹெம்மிங் போடத் தொடங்கிவிடுவார். தையல் ஒவ்வொன்றும் ஒரே அளவு. வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். பாதியில் நிறுத்திவிட்டு ‘இது யாருக்கு’ என்று கேட்பார். ‘வார்டில் இருக்கும் ஒரு பாட்டிக்கு’ என்று சொன்னால் தலையாட்டிவிட்டுத் தொடர்வார். பத்து நிமிஷத்தில் மறுபடி கேட்பார், மறுபடி சொல்வோம்.

கைக்குப் பிடித்த துணி எது என்று வீட்டில் பார்த்து வையுங்கள், அதையே கொண்டுவரலாம். காலை 10 மணிக்குத் திறப்போம், 11 வரை ஆள் குறைவு. ஜன்னலோர மேசையில் வெளிச்சம் நன்றாக இருக்கும், அந்த இடத்தை எடுத்துவைக்கிறேன்.